காலி மனை என்று ஒன்று இல்லை

சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அது 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பல நூறு கிராமங்கள் ஒரே அறிவிப்பில் பெருநகரின் பகுதியாயின. இந்த விரிவை இயல்பான வளர்ச்சி என்றே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். மனை விற்பவர், வாங்குபவர், வங்கியாளர், திட்டமிடும் அதிகாரிகளில் பலர் என எல்லோரும் உடன்படுகிற கருத்து ஒன்று அதற்குப் பின்னால் நிற்கிறது. ஊருக்குள் இடமில்லை, வெளியே நிலம் காலியாகக் கிடக்கிறது, நகரம் அங்கே போய்த்தான் தீரும், போகிற இடத்தில் மரம் நட்டு, மாடியில் சூரியத் தகடு பதித்து, மழைநீர்த் தொட்டி கட்டி, பசுமைச் சான்றிதழும் வாங்கிவிட்டால் இயற்கைக்குச் செய்ய வேண்டிய கடமை முடிந்தது. சுற்றுச்சூழலில் உண்மையான அக்கறை உள்ளவர்களே இதை நம்புகிறார்கள் என்பதால்தான் இதை மறுத்தாக வேண்டியிருக்கிறது. ஒரு நகரம் தன் சுற்றுப்புறத்துக்கு நேர்மையாக இருக்கிறதா என்பதை முதலில் தீர்மானிப்பது வீடு எந்த மண்ணின் மேல் நிற்கிறது என்பதே. இடத்தில் செய்த பிழையைக் கூரையில் செய்யும் புண்ணியம் தீர்க்காது.

சுற்றுச்சூழல் அறவியல் என்ற துறை மேற்கில் வளர்ந்த விதம் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்டின் நூல் அவர் மறைந்த பிறகு 1949இல் வெளிவந்தது. மண், நீர், செடிகொடி, விலங்கு ஆகியவற்றையும் உள்ளடக்கிய ஒரு சமூகத்தின் உறுப்பினன்தான் மனிதன், அதன் எசமானன் அல்ல என்பது அதில் அவர் வைத்த வாதம். அதை அடியொற்றி வந்த பலர், மனிதன் காலடி படாத காட்டைக் காப்பதையே அறம் என்று சுருக்கிக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989இல் எழுதிய கட்டுரையொன்றில் இதைக் கடுமையாக எதிர்த்தார். இந்தியா போன்ற நாட்டில் இயற்கை என்பது ஏழைகளின் பிழைப்பு. அவர்களை வெளியேற்றிக் காட்டைக் காப்பது நீதியாகாது என்றார். இரண்டு பேரும் சரிதான் என்பது என் கருத்து. ஆனால் இருவரின் வாதமும் ஒன்றாகக் கூடும் இடம் காடு அல்ல, நம் ஏரி. ஏரியை வெட்டியவன் மனிதன். அதில் நாரையும் கூழைக்கடாவும் இறங்குகின்றன, விரால் வளர்கிறது, அதன் மதகுநீரில் நெல் விளைகிறது. செங்கல்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனியிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதைத் தன்னலம் என்று சொல்லலாம். தங்கள் நலமும் பறவையின் நலமும் ஒரே நீரில் இருக்கின்றன என்ற அறிவு என்றும் சொல்லலாம். சென்னையைச் சுற்றியுள்ள நிலத்தைப் பற்றிப் பேசும்போது நமக்கு வேண்டியது இந்த அறிவுதான். கடன் வாங்கிய கோட்பாடு தேவையில்லை.

அந்த நிலம் எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாதம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. சென்னையின் தெற்கும் மேற்கும் கடலை நோக்கி மெல்லச் சரியும் தட்டையான நிலம். பெரிய ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழைதான் ஆண்டு முழுவதற்குமான நீர். அதைப் பிடித்து வைக்க மேட்டில் ஓர் ஏரி, அது நிரம்பியதும் கலங்கல் வழியே வழிந்து வாய்க்காலில் ஓடி அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. இப்படிச் சங்கிலியாகக் கோத்த ஏரிகள் கடைசியில் ஒரு சதுப்பில் நீரை விடும். தென்சென்னையில் அந்தக் கடைசிச் சதுப்பு பள்ளிக்கரணை. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழையும், அறுபதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரும் அங்கே வந்து தேங்கி, மண்ணில் இறங்கியது போக மிச்சம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து முட்டுக்காட்டில் கடலுக்குப் போகும். இந்த அமைப்பில் எந்தத் துண்டு நிலத்துக்கும் வேலை உண்டு. ஏரிக்கு மேலே உள்ள மேய்ச்சல் புறம்போக்கு நீரை வடித்துக் கொடுக்கும். வாய்க்காலின் இருகரைத் தாழ்வு வெள்ளத்தைத் தாங்கும். நஞ்சை வயல் மூன்று மாதம் நீரைத் தன் மேல் நிறுத்தி நிலத்தடிக்கு அனுப்பும். கோடையில் பார்த்தால் இவை எல்லாம் பொட்டல். மனைப்பிரிவுக் கல் நடுபவர் வருவதும் பெரும்பாலும் கோடையில்தான். அவர் காலி என்று காட்டும் இடம் ஐப்பசியில் வேலைக்கு வரப்போகும் நிலம்.

பள்ளிக்கரணைக்கு நேர்ந்தது இதற்குப் போதுமான சாட்சி. அரை நூற்றாண்டுக்கு முன் சுமார் ஐயாயிரம் ஹெக்டேராக இருந்த சதுப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் சதுப்பாக மிஞ்சியது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, சாலைகள், அரசு ஆய்வு நிறுவனங்கள், பறக்கும் ரயிலின் நிலையங்கள், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய மென்பொருள் அலுவலகங்கள், அவற்றில் வேலை செய்பவர்களுக்கான அடுக்ககங்கள் என ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான காரணத்தோடுதான் உள்ளே வந்தன. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. நல்ல செய்திதான். ஆனால் சதுப்பின் மேல் கோடு போட்டுக் காப்பாற்றிவிட்டு, அதற்கு நீர் கொண்டுவரும் ஏரிகளையும் வாய்க்கால்களையும் மனைகளாக விற்க விட்டால் காப்பாற்றப்படுவது வரைபடம் மட்டும்தான்.

இனி விளைவைப் பார்க்கலாம். 2015 டிசம்பர் 1ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்த வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை, அது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்னது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் முடிச்சூரும் மறுபடி நீரில் நின்றன. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். நீரை நிறுத்தும் இடங்களை மூடிவிட்டதால் மழைக்காலத்தில் அது வீட்டுக்குள் நிற்கிறது, கோடையில் நிலத்தடியில் இல்லை. இழந்த நீருக்கு ஈடாக நாம் கடலிடம் போயிருக்கிறோம். 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. 2024இல் நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. இந்த முறையில் ஆயிரம் லிட்டர் நீரைப் பிரித்தெடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். வானிலிருந்து இலவசமாக விழுந்து, சரிவில் தானாக ஓடி, ஏரியில் தங்கிய நீரின் இடத்தைத் தூர்த்துவிட்டு, மின்சாரம் எரித்துக் கடலை வடிக்கிறோம். இந்தக் கணக்கில் மாடியில் பதித்த சூரியத் தகடு எவ்வளவைத் திருப்பித் தரும்?

தொழில்நுட்பத்தை நம்புகிறவர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள். மழைநீர்ச் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம், வடிகால் கட்டுகிறோம், கட்டடத் தரம் உயர்ந்திருக்கிறது. நல்ல பொறியியல் இருந்தால் எங்கே கட்டினால் என்ன என்பார்கள். 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அது நாட்டுக்கே முன்னோடியான செயல், அதனால் பல இடங்களில் நிலத்தடி நீர் உயர்ந்தது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கிணற்றுநீர் ஏற்கெனவே தரைமட்டத்தை ஒட்டி நிற்கும் தாழ்நிலத்தில், களிமண்ணின் மேல் கட்டிய வீட்டின் சேகரிப்புக் குழி மழைக்காலத்தில் எதை உள்ளே வாங்கும்? வடிகாலின் கதையும் அதுதான். வடிகால் நீரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும். அது போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தின் மேல்தான் நாம் குடியிருக்கிறோம். புதிய மனைப்பிரிவில் தரையை நாலடி உயர்த்திக் கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த நாலடி நீர் பக்கத்துப் பழைய தெருவுக்குப் போகிறது. பசுமைச் சான்றிதழ் அளப்பது மனையின் எல்லைச் சுவருக்குள் நடப்பதை. தீங்கோ சுவருக்கு வெளியே, மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிறது, பள்ளத்தில் இருப்பவர்கள் அநேகமாக வசதி குறைந்தவர்கள். ஒருவர் தன் பாதுகாப்பை அடுத்தவரின் ஆபத்தால் வாங்குகிறார் என்றால் அந்த வீட்டைப் பசுமை வீடு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மறுப்புக்கு இதைவிட அதிக மரியாதை தர வேண்டும். ஊருக்குள் ஒரு சதுர அடி வாங்கச் சம்பளக்காரரால் முடியாது. வெளியே போனால்தான் அவருக்குச் சொந்த வீடு. அறம் பேசுபவர்கள் அவர் கனவைப் பறிக்கிறார்கள் என்பது அது. சொந்த வீடு பேராசை அல்ல. வாடகை வீட்டின் நிச்சயமின்மையிலிருந்து தப்ப நினைப்பதில் தவறேதும் கிடையாது. என் வாதம் அந்தக் குடும்பத்தின் மேல் குற்றம் சுமத்துவதற்கு அன்று. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பேருந்தும் இல்லாத இடம் என்பதால் மனை மலிவு. அந்தச் செலவு பிறகு தண்ணீர் லாரிக்கும், கழிவுநீர் லாரிக்கும், இரண்டு வண்டிகளுக்கான பெட்ரோலுக்கும், வெள்ளத்துக்குப் பின் மாற்றும் குளிர்சாதனப் பெட்டிக்கும் மாதாமாதம் போகிறது. போகவர மூன்று மணி நேரம் சாலையில் கழிகிறது. மிச்சச் செலவை அரசு ஏற்கிறது: பத்து வருடம் கழித்துச் சாலையும் குழாயும் பள்ளியும் மருத்துவமனையும் அங்கே இழுத்துக்கொண்டு போக வேண்டும். அடர்த்தி குறைந்த நகரங்களில் ஒருவர் எரிக்கும் பெட்ரோல் அதிகம் என்பதைப் பீட்டர் நியூமனும் ஜெஃப்ரி கென்வொர்த்தியும் 1989இல் 32 நகரங்களை ஒப்பிட்டுக் காட்டினார்கள். வருமானத்தையும் எரிபொருள் விலையையும் அவர்கள் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்ற விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் வேலை ஓரிடத்திலும் வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளியும் இருந்தால் வண்டி ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பதை அந்த விமர்சனம் எதுவும் மாற்றவில்லை.

பொருளியலாளர்கள் சொல்லும் மறுப்பு கூர்மையானது. நகரத்துக்கு எல்லை வகுத்தால் உள்ளே நிலவிலை ஏறும், பாதிக்கப்படுவது ஏழைதான் என்கிறார்கள். எல்லையை மட்டும் வகுத்துவிட்டுக் கைகட்டி நின்றால் அது நடக்கும். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 1973இல் சட்டமியற்றி, அதன்படி போர்ட்லண்டு நகரம் 1979இல் தன் வளர்ச்சி எல்லையை வரைந்தது. வெளியே விளைநிலம் தப்பியது. ஆனால் எல்லைக்குள் பெரும்பகுதி தனி வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்ததால் வீட்டு நெருக்கடியும் தொடர்ந்தது. 2019இல் அம்மாநிலம், அத்தகைய பகுதிகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கான வீடுகளை அனுமதிக்கச் சட்டம் கொண்டுவந்தது. எல்லையும் உள்ளே இடம் திறப்பதும் சேர்ந்தே வர வேண்டும் என்பது அந்த அனுபவம். சென்னையில் 2019 கட்டட விதிகள், மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் அடிப்படைத் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்படுகிறது. அந்த நிலையங்களைச் சுற்றி வீடு பெருகட்டும். அதில் ஒரு பகுதி குறைந்த வருமானத்தாருக்கு என்று சட்டத்தில் கட்டாயமாகட்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. இடமில்லை என்ற சொல்லை நம்புவதற்கு முன் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

நெருக்கம் என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு. பழைய சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். இன்னும் எங்கே திணிப்பது என்று கேட்கிறார்கள். ஓர் அறையில் ஆறு பேர் படுப்பதும், ஒரு மனையில் ஆறு குடும்பங்கள் ஆறு தளங்களில் காற்றோட்டமாக வாழ்வதும் ஒன்றல்ல. அடர்த்தி கூடக் கூடப் பூங்காவும் நடைபாதையும் கூட வேண்டும், மரம் கூட வேண்டும். இல்லாவிட்டால் அந்த அச்சம் உண்மையாகிவிடும். ஆனால் அடர்த்திக்காக வாதாடுகிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் வேறொன்று. நகரின் நடுவில் குறைந்த நிலத்தில் அதிகம் பேர், நடந்துபோகும் தூரத்தில் வேலை என்று வாழ்ந்தவர்கள் கூவம், அடையாறு கரைகளின் குடிசைவாசிகள். பெட்ரோல் எரிக்காத, ஏரியைத் தூர்க்காத வாழ்க்கை அவர்களுடையது. அவர்களைத்தான் ஆற்றைக் காப்பாற்றுவதாகச் சொல்லி 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பினோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் போய்ச் சேர்ந்த பெரும்பாக்கம், பள்ளிக்கரணையின் நீர் வரும் தாழ்நிலத்தில் இருக்கிறது. வெள்ள ஆபத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளம் வரும் இடத்திலேயே குடிவைத்தோம். வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் நகருக்குள் வந்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள், பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள். குஹாவின் எச்சரிக்கை நம் ஊரில் மெய்யான இடம் இது. ஏழையை முதலில் நகர்த்தும் எந்தத் திட்டத்துக்கும் சுற்றுச்சூழலின் பெயரைச் சூட்ட அனுமதிக்கக் கூடாது. ஆற்றங்கரையில் இருப்பவருக்கு மாற்று வீடு வேண்டும் என்றால் அது அவர் வேலைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

விவசாயி தன் நிலத்தை விற்பது அவர் உரிமை, அதில் தலையிட நீ யார் என்ற கேள்வியும் வரும். அவர் ஏன் விற்கிறார்? மேலேயுள்ள வாய்க்காலை யாரோ அடைத்துவிட்டதால் ஏரிக்கு நீர் வரவில்லை. ஆயக்கட்டில் பாதி மனையாகிவிட்டதால் மதகைத் திறக்க ஆளில்லை. வெளிவட்டச் சாலை வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், பத்து வருட விளைச்சலைவிட ஒரு கையெழுத்துக்கு அதிகப் பணம் கிடைக்கிறது. சூழ்நிலையை நாம் உண்டாக்கிவிட்டு, அவர் எடுக்கும் முடிவை அவர் விருப்பம் என்கிறோம். அப்படியே விருப்பம் என்றாலும், நிலத்தை விற்கும் உரிமையில் வாய்க்காலை மூடும் உரிமை அடங்காது. நீர் ஓடும் பாதை ஒருபோதும் ஒருவருடையதாக இருந்ததில்லை. ஆயக்கட்டு அழிந்துவிட்டால் ஏரிக்கு உபயோகமில்லை என்று முடிவுகட்டும் பழக்கம் நம் அலுவலகங்களுக்கு நெடுங்காலமாக உண்டு. மாம்பலம் ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரையும், நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டத்தையும் எழுப்பியது அந்தப் பழக்கம்தான். பாசனம் போனாலும் வெள்ளத்தைத் தாங்குவதும் நிலத்தடி நீரை நிரப்புவதும் பறவைக்கும் மீனுக்கும் வீடாக இருப்பதும் ஏரியின் வேலைகளாகவே இருக்கின்றன.

நடந்தது நடந்துவிட்டது, வாங்கியவர்களைத் தண்டிக்க முடியாது என்பார்கள். தண்டிக்கச் சொல்லவில்லை. ஆனால் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோது நமக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 2017இல் விதிகள் வகுத்து, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் வழியை அரசு திறந்தது. நீர்நிலைகளுக்கு அதில் விலக்கு இருந்தாலும், முதலில் பிரித்து விற்றுவிடு, அனுமதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பாடத்தையே சந்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டது. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பள்ளிக்கரணை ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் ஆய்வு முடியும்வரை கட்டட அனுமதி தரக்கூடாது என்றபோது எழுந்த கூக்குரல் அந்தப் பாடத்தின் விளைவுதான். அங்கே ஏற்கெனவே வீடு வாங்கியவர்களின் கவலை உண்மையானது. அவர்களுக்குத் தெளிவான பதிலை அரசு விரைந்து தர வேண்டும். அதற்காகச் சதுப்பு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது பதிலாகாது. வெள்ளத்தில் அவர்களுக்கும் காவல் அந்தச் சதுப்புதான்.

பறவைக்கும் சதுப்புக்கும் தம்மளவில் மதிப்பு உண்டா, மனிதருக்குப் பயன்படுவதால்தான் மதிப்பா என்று அறவியலாளர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். உண்டு என்பது என் நம்பிக்கை. நம்பாதவரும் இந்த நகரத்தில் இதே முடிவுக்குத்தான் வந்தாக வேண்டும், ஏனென்றால் பூநாரை நிற்கும் நீரும் முடிச்சூர்க்காரரின் கிணற்று நீரும் ஒரே மழையிலிருந்து வருகின்றன.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம் தயாராகிறது. அந்த வரைபடத்தில் முதலில் வரைய வேண்டியவை ஏரிகள், அவற்றின் நீர்ப்பிடிப்புகள், கலங்கல்கள், வரத்துக் கால்வாய்கள், தாழ்நிலங்கள். சாலையும் குடியிருப்பும் அவை போக மிஞ்சிய இடத்தில் வரட்டும். விரிந்த 5,904 சதுர கிலோமீட்டரில் எங்கே கட்டலாம் என்பதற்கு முன்னால் எங்கே கட்டக்கூடாது என்பது சர்வே எண்ணோடு தமிழில் அச்சாகி, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். வரைவுத் திட்டம் மக்கள் கருத்துக்கு வரும்போது உங்கள் ஊர் ஏரியின் பெயரும் அதன் வாய்க்காலும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.